நிச்சயமானால் நின்றுவிடும் பேச்சு

போலி நிச்சயதார்த்தக் கதைகளை எதற்கு இப்படி விடாமல் படிக்கிறாய் என்று கேட்பவர்களிடம், அதில் வரும் சாப்பாட்டு மேஜைக்காக என்றுதான் சொல்கிறேன்.

இந்த வகை ஆங்கிலக் காதல் நாவல்களின் ஏற்பாடு படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நாயகிக்கு ஒரு நெருக்கடி. தங்கை கல்யாணத்தில் தனியாகப் போய் நிற்க முடியாது, அல்லது பழைய காதலன் புதுப் பெண்ணோடு வந்து இறங்கப் போகிறான். நாயகனுக்கும் ஒன்று இருக்கும்: தாத்தா சொத்து, பதவி உயர்வு, ஓயாமல் பெண் பார்க்கிற அம்மா. இருவரும் பேசிவைத்துக்கொண்டு, நிச்சயமாகிவிட்டது என்று எல்லோரையும் நம்ப வைக்கிறார்கள். மோதிரம் போடுகிறார்கள். அப்புறம் நடிப்பு நிஜமாகிறது. முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் காதல் நாவலுக்கு வகுத்திருக்கும் இலக்கணமே, முடிவு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கடைசியில் சேருவார்களா என்ற கவலை இல்லாமல், நடுவில் நடப்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

நாயகி பருமனானவளாக இருந்துவிட்டால், நடுவில் ஒரு குடும்ப விருந்து கட்டாயம் வரும். அம்மா தட்டைப் பார்ப்பார். அக்கா உடுப்பின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை போடுவாள். அத்தை, யாரோ ஒருத்தி இருபது கிலோ குறைத்த கதையை எடுப்பார். நாயகி ஸ்பூனைக் கீழே வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போலி மாப்பிள்ளை பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கோ" என்பான். மேஜையில் பேச்சு நின்றுபோகும். படிக்கும்போது என் தோள் தளர்கிற இடம் அது.

ஆங்கில நாவல் என்பதால் அங்கே மட்டும் நடப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிச்சயமான பெண்ணின் எடையைப் பற்றி நம் வீடுகளிலும் யாரும் வாய் திறப்பதில்லை. முதல் நாள் ராத்திரி வரைக்கும் பேசியவர்கள், மறுநாள் காலையில் பேசுவதில்லை. அவள் உடம்பு அதே உடம்பு. என் சித்தி மகள் விஷயத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலதை மாற்றியிருக்கிறேன்.

சித்தி வீடு கோவில்பட்டியில். அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர், அடுத்து கடலை மிட்டாய் டப்பா என்பது சித்தி வீட்டு வழக்கம். தங்கைக்கு மட்டும் அந்த டப்பா நீளாது. காலேஜ் முடித்த காலத்திலிருந்து அப்படித்தான். வரிசையாக எல்லோரிடமும் நீட்டிக்கொண்டு வரும் சித்தியின் கை, அவளிடம் வரும்போது லேசாகத் திரும்பி அடுத்த ஆளிடம் போய்விடும். வெளியாட்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பேச்சும் உண்டு. "ஏட்டி, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி போதும்லா." "லீவுல வந்தா சாயங்காலம் மாடிப்படி ஏறி எறங்கு." அவளுக்குப் பெரியம்மா, அதாவது என் அம்மா, கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்ததும் முதலில் சொல்வது, "போன தடவைக்கு இப்ப ஒரு சுத்து கூடிட்டியே தாயி." அதற்குப் பிறகுதான் எப்போது வந்தாய், வேலை எப்படி இருக்கிறது என்பதெல்லாம். என் அம்மாவுக்கு அவள்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சலில் அவள் கிடந்தபோது பஸ் ஏறிப் போய்ப் பத்து நாள் கூடவே இருந்தது என் அம்மாதான். அந்தப் பாசத்துக்குள்ளேயேதான் இந்தப் பேச்சும் இருந்தது. அதனால்தான் அவளால் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனோம். டெய்லர் அக்கா அளவெடுத்து முடித்ததும் சித்தி சொன்னார்: "ஒரு இஞ்சு கொறச்சே தைங்க. தீபாவளிக்குள்ள எளச்சிருவா." டெய்லர் அக்கா டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் நோட்டில் எழுதினார். பண்டிகையன்று காலையில் தங்கை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போனபோது, ஜாக்கெட்டின் பக்கத் தையலை பிளேடால் ஒவ்வொரு கண்ணாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தார் டெய்லர் அக்கா. அளவைக் கேட்டு எழுதிய அந்த மனுஷிக்கு, அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது.

இதற்கு நடுவில் வரன் பார்த்தார்கள். கல்யாணத் தளங்களில் உடல்வாகு என்று ஒரு கட்டம் இருக்கும். சித்தப்பா அதில் "சராசரி" என்பதைத் தேர்ந்தெடுத்தார். போட்டோ பார்த்துத் திருப்தி என்றவர்கள் நேரில் பார்த்ததும், ஜாதகம் இன்னொரு ஜோசியரிடம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். தரகர்தான் சாவகாசமாக, "பொண்ணு கொஞ்சம் கனமாத் தெரியுதாம்" என்று உடைத்தார். இன்னொரு வீட்டில் முதலில் வீடியோ காலில் பேசலாம் என்றார்கள். பத்து நிமிஷம் பேசிய பிறகு பையனின் அம்மா, "கொஞ்சம் எந்திரிச்சு நில்லும்மா, புடவை என்ன கலர்னு பார்ப்போம்" என்றார். அவள் எழுந்து நின்றாள். சித்தி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், முழு உருவமும் தெரிய.

இங்கே கதைக்குத் திரும்புகிறேன். ஜார்ஜெட் ஹேயர் 1953-ல் வெளியிட்ட "கோட்டிலியன்" இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த நாவல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்து. கிட்டி என்ற பெண், பெரிய கஞ்சர் ஒருவரின் பொறுப்பில் கிராமத்து வீட்டில் அடைந்து வளர்கிறாள். தன் உறவுக்காரப் பையன்களில் ஒருவனைக் கட்டிக்கொண்டால் சொத்து உனக்கு, இல்லாவிட்டால் கிடையாது என்கிறார் கிழவர். அந்தப் பையன்களில் ஒருவனான ஃப்ரெடியிடம் கிட்டி கெஞ்சுகிறாள்: நிச்சயமானதாக நடி, என்னை ஒரு மாதம் லண்டனுக்குக் கூட்டிப்போ. அவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்பது தனி. அவளுக்கு அப்போதைக்கு வேண்டியது, யாருடைய கணக்கிலும் இல்லாமல் நடமாட ஒரு மாதம். ஃப்ரெடியும் வீரனோ மயக்கும் அழகனோ இல்லை. நல்ல உடை எது என்று தெரிந்த, அடுத்தவர் மனம் நோகாமல் நடந்துகொள்ளத் தெரிந்த சாதாரணப் பையன். உடம்பைப் பற்றிய பேச்சு அந்த நாவலில் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு பெண் பொய்யான நிச்சயத்தைத் தேடிப் போவது ஏன் என்பது அதில் இருக்கிற அளவுக்கு வேறெங்கும் தெளிவாக இருந்து நான் பார்க்கவில்லை. மூச்சுவிட இடம் வேண்டும், அதுதான் காரணம்.

அந்தக் காலக் கதைகளில் இது எடுபட்டதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் அப்போது நிச்சயம் என்பது இரண்டு பேர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தால் ஊர் நம்பிவிடும். வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டவர்மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். வழக்கு பெரும்பாலும் ஆண்கள்மேல்தான் வந்தது. பெண் மனம் மாறி விலகினால் ஊர் பொறுத்துக்கொண்டது. அதனால்தான் அந்தக் கதைகளில் இருவரும் போடும் திட்டத்தில் பெரும்பாலும், "கடைசியில் நீ என்னை வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று பையன் சொல்வான். முடித்து வைக்கும் உரிமை பெண் கையில் இருந்தது. அந்த வழக்கு உரிமையை இங்கிலாந்து 1970-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. நிச்சய மோதிரம் திருப்பித் தர வேண்டியதில்லாத அன்பளிப்பு என்று, வேறு நிபந்தனை இருந்ததாக நிரூபிக்காத வரை, எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நம் ஊரில் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து நிச்சயத்தை நடிக்க முடியாது. தட்டு மாற்ற வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், பூ, நிச்சயப் பட்டு, லக்னப் பத்திரிகை. அதை ஒருவர் சபையில் வாசிக்க வேண்டும். தாய்மாமன் இல்லாமல் நடக்காது. பங்காளிகளைக் கூப்பிடாவிட்டால் அதற்கொரு சண்டை. சாதி, கூட்டம், குலதெய்வம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் தட்டே வாங்குவார்கள். அப்படி நடந்த நிச்சயம் நின்றுபோனால் பேர் கெடுவது பையனுக்கு இல்லை. "நிச்சயம் வரைக்கும் போய் நின்ன பொண்ணு" என்பது அடுத்து வருகிற ஒவ்வொரு வரனுக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரதிலிபி போன்ற தளங்களில் வரும் தமிழ்த் தொடர்கதைகள் போலி நிச்சயத்தைத் தாண்டி, நேராக ஒப்பந்தக் கல்யாணத்துக்கே போய்விடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு குடும்பத்தையும் ஏமாற்றுவதைவிட, தாலியைக் கட்டிவிட்டு ஒரு வருஷத்துக்கு என்று எழுதிக்கொள்வது கதாசிரியருக்குச் சுலபம்.

தங்கை கண்டுபிடித்தது வேறு வழி. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒருவன். நல்ல சிநேகிதன். அவன் வீட்டிலும் பெண் பார்க்கத் தொடங்கி, அவன் கொஞ்சம் அவகாசம் தேடிக்கொண்டிருந்தான். ஆபீஸில் அவனை வெளிநாட்டு பிராஜெக்டுக்கு அனுப்புவதாக இருந்தது. கிளம்புவதற்கு முன் கோவில்பட்டிக்கு வந்து, சித்தப்பாவிடம் நேரில் பேசினான்: எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம், நான் போய்விட்டு வந்ததும் வீட்டுப் பெரியவர்களோடு முறையாக வருகிறேன், அதுவரை என் வீட்டில் பேச வேண்டாம். தட்டு இல்லை, பத்திரிகை இல்லை, வாய் வார்த்தை மட்டும். அதுவும் இருவரும் பேசிவைத்துக்கொண்ட பொய். சித்தப்பா அவன் ஊரையும் அப்பா பேரையும் கேட்டார். கேட்ட விதத்தில் கேட்டு, "நம்ம ஆளுங்க" என்று தெரிந்ததும்தான் சித்தி உள்ளே போய்க் காபி போட்டார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். வேறு சாதிப் பையனாக இருந்திருந்தால் அந்த அமைதி ஒரு நாள்கூட நீடித்திருக்காது.

அடுத்த முறை அவள் ஊருக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். சித்தி டப்பாவோடு வந்தார். நேராக அவளிடம்தான் முதலில் நீட்டினார். "எடுத்துக்கட்டி. கல்யாணப் பொண்ணு, வத்திப் போயிறாத." அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் அம்மாவும் அங்கேதான் இருந்தார். "இப்பதான் பிள்ளை லட்சணமா இருக்கா" என்றார். அந்த வருஷம் தைத்த ஜாக்கெட்டுகளுக்கு சித்தி ஒரு இஞ்சு குறைக்கச் சொல்லவில்லை. கூடத்து ஓரத்தில் கிடந்த எடை பார்க்கும் மிஷின் பரணுக்குப் போய்விட்டது.

ராத்திரி மாடியில் படுத்திருக்கும்போது அவள் சொன்னாள்: "அக்கா, ரெண்டு கிலோ கூடிருக்கேன். யாருக்குமே தெரியல."

இதையெல்லாம் விட எனக்கு வலித்தது வேறொன்று. அவளுக்குப் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருந்தது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பது. பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரிவதில்லை. மாதவிலக்குத் தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரும், எடை சுலபத்தில் கூடும், இறங்குவது கஷ்டம். சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம், அதனால் தொடர்ந்து பரிசோதனை பார்க்க வேண்டும். டாக்டர் இவ்வளவையும் சொல்லி, மாத்திரை எழுதி, ஆறு மாதத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே அறிவுரை: "மாத்திரை சாப்பிடுறத யார்ட்டயும் சொல்லிறாத. வரன் தட்டிப் போயிரும்."

எத்தனையோ வருஷமாக அவள் தட்டைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும், "உடம்புக்கு நல்லதில்லைன்னுதான் சொல்லுதோம்" என்று சொன்னவர்கள். அந்தப் பையன் வந்து போன பிறகு, அந்த ஆறு மாதப் பரிசோதனைக்குப் போனாயா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சர்க்கரை என்ன ஆயிற்று, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ஒன்றும் இல்லை. ஒருவன் சரி என்றுவிட்டான், அதோடு உடம்புக்கு வந்த கவலை எல்லாம் தீர்ந்தது. அவ்வளவு நாளும் அவர்கள் பேசியது உடம்பைப் பற்றி இல்லை, அது விலைபோகுமா என்பதைப் பற்றித்தான். அவர்களிடம் கேட்டால் மனதார மறுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த கதைகளோடேயே எனக்குச் சண்டை வருகிறது. பெரும்பாலான நாவல்களில் பாத்திரத்தை நகர்த்தும் நாயகனோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அவன் அவளை விரும்புகிறான், அவள் உடம்பை வர்ணிக்கிறான், அதைப் பார்த்துக் குடும்பம் வாயை மூடுகிறது. மேஜையில் இருந்த நியாயம் அப்படியே இருக்கிறது. ஓர் ஆண் சான்றிதழ் கொடுத்ததால் அவள் மட்டும் தேறிவிட்டாள். ஜெனிஃபர் குரூசி 2004-ல் எழுதிய "பெட் மீ" நாவலில், தங்கையின் கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பில் மகள் அடங்க வேண்டுமே என்று மாவுச்சத்தைத் தொடவிடாமல் தடுக்கும் ஒரு தாய் வருகிறார். அவ்வளவு உண்மையான தாய். படித்தபோது, சித்திக்கும் அமெரிக்காவில் ஓர் அக்கா இருக்கிறார் என்று தோன்றியது. நாயகன் நாயகிக்கு நல்ல சாப்பாடு வாங்கித் தரும் காட்சிகளும் எனக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அவள் நிம்மதியாகச் சாப்பிடுகிற இடங்களில் ஒருவன் எதிரே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் 2015-ல் "இஞ்சி இடுப்பழகி" வந்தது. அனுஷ்கா எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார், அம்மாவாக ஊர்வசி. கல்யாணம் ஆகவில்லையே என்ற அந்த அம்மாவின் தவிப்பு வரைக்கும் படம் நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிறகு எடை குறைப்பு மையம் நடத்தும் ஒருவர் வில்லனாக வர, சண்டை தெருவுக்குப் போய்விட்டது. அந்த மையங்களைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் மகளை அங்கே போகவைத்த வாய் வீட்டில் இருக்கிறது, அதைப் படம் சுலபமாக விட்டுவிட்டது என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.

நல்ல போலி நிச்சயக் கதை எது என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். முக்கால்வாசியில் இருவரும் பிரிவார்கள் இல்லையா, அப்போது அந்த மேஜைக்கு என்ன ஆகிறது? மோதிரம் இல்லாத விரலோடு அவள் மறுபடி அதே நாற்காலியில் உட்கார வேண்டும். அதே அம்மா, அதே அக்கா. அந்தக் காட்சியை எழுதாமல், பிரிந்த சோகத்தில் அவள் அழுவதையும் அவன் ஓடி வருவதையும் மட்டும் எழுதுகிறவர், கதையின் கனமான பாகத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறார்.

தங்கை அதைத் தாண்டவில்லை. வெளிநாட்டில் இருந்தபோதே அவனுக்கு அவளை நிஜமாகவே பிடித்துப் போயிருந்தது. தினமும் ராத்திரி பேசுவார்கள். அவன் சமைத்துக் கருக்கியதைச் சொல்வான், இவள் ஆபீஸ் புராணத்தைச் சொல்வாள். திரும்பி வந்ததும், நிஜமாகவே கேட்கலாமா என்று கேட்டான். இவளுக்கும் ஆசைதான், என்னிடம் சொல்லி அழுதாள். ஆனால் அவனிடம் சொன்னது: "முதல்ல எங்க வீட்டுல, அது பொய்னு சொல்லணும். நீ வந்து காப்பாத்துன பொண்ணா நான் இந்த வீட்ட விட்டுப் போகக்கூடாது."

சொன்னாள். சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை. சித்தி அழுதார், கத்தினார், அப்புறம் கல்யாணத் தளத்தில் பழைய புரொஃபைலைத் திறக்கச் சொன்னார். மிஷின் பரணிலிருந்து இறங்கியது. விஷயம் கேள்விப்பட்டு வந்த என் அம்மா, உட்காருவதற்கு முன்பே, "எனக்கு அப்பவே தோணுச்சு, அந்தப் பையன் எப்படி ஒத்துக்கிட்டான்னு" என்றார். அன்று நான் அம்மாவிடம் போட்ட சண்டை போல் வேறெப்போதும் போட்டதில்லை.

தங்கை சண்டை போடவில்லை. மிஷினைக் கூடத்து நடுவில் இழுத்துப் போட்டு, எல்லோர் முன்னாலும் ஏறி நின்றாள். எண்ணைப் படித்துச் சொன்னாள். "அவன் வந்துட்டுப் போனப்ப நான் இதே எடைதாம்மா. லட்சணமா இருக்கேன்னு சொன்னீங்க. இப்ப எது மாறிப்போச்சு?" யாரும் பதில் சொல்லவில்லை. "ரத்தப் பரிசோதனைக்குப் போகணும்னு டாக்டர் சொல்லி ஒண்ணரை வருஷம் ஆச்சு. கவலைப்படுறதா இருந்தா அதுக்கு என்கூட வாங்க. இல்லைன்னா என் தட்டைப் பாக்காதீங்க."

அன்று ராத்திரி சித்தி அடுப்படியைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்தார். வெகு நேரம் கழித்து, தானாகவே பேசினார். "எனக்கு மூணு எடம் தட்டிப் போச்சுட்டி. நான் அப்ப வத்தக்காச்சியா இருப்பேன். பிள்ளை பெக்க இவ உடம்புல தெம்பு இருக்கான்னு எங்கம்மாட்ட கேட்டாங்க, என்னை வச்சுக்கிட்டே. தெனமும் உளுந்தங்களி. நல்லெண்ணெய ஊத்தி ஊத்தி. வேண்டாம்னு வாயப் பொத்திக்கிட்டா கைய எடுத்துவிட்டு ஊட்டுவா எங்கம்மா." இன்றும் சித்தி உளுந்தங்களி தொடமாட்டார். வாசனை ஆகாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒல்லியாக இருந்ததற்காக வாயில் திணிக்கப்பட்டவர், முப்பது வருஷம் கழித்து மகள் கையிலிருந்து டப்பாவைத் திருப்பியிருக்கிறார். இரண்டு காலத்திலும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் கண்ணுக்குத்தான் அந்த வீட்டுச் சமையல் நடந்திருக்கிறது. சித்தியின்மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குக் குறைந்தது. அவர் செய்தது சரி என்று மட்டும் தோன்றவில்லை.

சித்தி ஒரே நாளில் மாறிவிடவில்லை. இப்போதும் பண்டிகை நாளில் அவர் கண் மகளின் இலைக்குப் போய்த் திரும்புவதைப் பார்க்கிறேன். ஆனால் பரிசோதனைக்குக் கூடப் போனார். லேபுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எடை எவ்வளவு என்று கேட்காமல், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாராம். எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கு இருவரும் சேர்ந்து போகிறார்கள், அவள் ஊருக்கு வரும் நாட்களில்.

அதற்குப் பிறகுதான் அவனைப் பற்றி நிஜமாகச் சொன்னாள். சித்தப்பாவுக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, கூடத்தில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னான் என்று. அது நியாயமான மனத்தாங்கல். அவன் அதற்குத் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டான்.

ஆவணியில் அவன் வீட்டார் பேச வருகிறார்கள். இந்த முறை தட்டு, பத்திரிகை, தாய்மாமன், பங்காளிகள் எல்லாம் உண்டு. வருகிறவர்களில் யாராவது அவள் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அவன் குறுக்கே வர வேண்டாம், அவளே பதில் சொல்வாள், சொல்லும்போது அவளை அடக்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறாள். சரி என்றிருக்கிறான். என் அம்மாவிடம் என்ன சொல்லி வைப்பது என்பதைத்தான் நானும் சித்தியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.